மாலத்தீவுக்குக் கிளம்பும் முன் பணத்தைப் பற்றி

மாலத்தீவின் நாணயம் ருஃபியா. ஆனால் ரிசார்ட் தீவுகளில் அறை, சாப்பாடு, படகு என எல்லாவற்றுக்கும் பில் அமெரிக்க டாலரில்தான் வரும். ருஃபியா தேவைப்படுவது தலைநகர் மாலேயிலும் மக்கள் வசிக்கும் தீவுகளிலும். அதையும் அளவாக மாற்றிக்கொள்ளுங்கள். அந்நாட்டை விட்டு வெளியே வந்துவிட்டால் ருஃபியாவை மாற்றுவது பெரும்பாடு. ஏடிஎம்மில் எடுப்பதானால் விமான நிலையத்திலோ மாலேயிலோ எடுத்துவிடுங்கள். பல ரிசார்ட் தீவுகளில் ஏடிஎம்மே கிடையாது.

பலர் ஏமாறும் இடம் விலைப்பட்டியல்தான். ஒரு விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். சேவைக் கட்டணம் பொதுவாக 10 சதவீதம். சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். சேவைக் கட்டணத்தின் மீதும் இந்த வரி விழுவதால், 100 டாலர் விருந்து ஏறக்குறைய 129 டாலராகிவிடும்! இதுபோக, ரிசார்ட்டில் தங்குவோருக்குப் பசுமை வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். முன்பதிவுத் தொகையில் இவை அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கார்டு தேய்க்கும்போது, 'உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்துகிறீர்களா?' என்று இயந்திரம் கேட்கலாம். கரிசனமாகத் தோன்றும், ஆனால் மாற்று விகிதத்தில் லாபம் பணம் வாங்கும் தரப்புக்குத்தான். டாலரையே தேர்ந்தெடுங்கள். இரண்டாவது கார்டு ஒன்று பெட்டியில் தனியாக இருக்கட்டும். நடுக்கடலில் கார்டு முடங்கினால் ஓடிப்போக வங்கி ஏது?