டொலர் கடைகளில் ஏறிவரும் விலை: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வருபவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

கனடாவுக்கு வந்திறங்கும் தமிழ்க் குடும்பங்கள் முதல் வாரத்திலேயே தேடிச் செல்லும் கடை பெரும்பாலும் டொலர் கடைதான். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ பிரம்ரனிலோ ஒரு பேஸ்மென்டை வாடகைக்கு எடுத்துக் குடிபுகுந்தவர்களுக்கு, துடைப்பம், வாளி, கோப்பை, குளியலறைத் திரை, பிள்ளையின் கொப்பி, பென்சில் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைப்பது பெரிய உதவி. ஆனால், முன்பே வந்து குடியேறிய உறவினர்கள் "அங்கே எல்லாமே ஒரு டொலர்தான்" என்று சொன்னதை நம்பிக் கூடையை நிரப்பினால், காசாளரிடம் நிற்கும்போது கையிலுள்ள பணம் போதாமல் போகலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வந்த காலத்தில் நிலைமை அப்படித்தான் இருந்தது.

நாட்டின் மிகப் பெரிய டொலர் கடை நிறுவனமான டொலராமா 1992இல் கியூபெக் மாகாணத்தில் தொடங்கியபோது எல்லாப் பொருளுக்கும் ஒரு டொலர் என்பதே அதன் விலையாக இருந்தது. 2009இல் 2 டொலர் வரையான பொருள்கள் வந்தன. 2012இல் உச்ச விலை 3 டொலரானது. 2016இல் 4, 2022இல் 5. இக்கடைகளின் பொருள்களில் பெரும்பங்கு சீனா முதலிய நாடுகளிலிருந்து அமெரிக்க டொலரில் வாங்கப்படுவதால், கனேடிய டொலரின் மதிப்பு இறங்கினாலும் கப்பல் கட்டணம் ஏறினாலும் அதன் சுமை கடைத் தட்டிலுள்ள விலையில் வந்து சேர்கிறது. 2022 ஜூனில் கனடாவின் பணவீக்கம் 8.1 வீதத்தை எட்டியது. 1983க்குப் பின் அவ்வளவு உயர்வை நாடு கண்டதில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் மளிகைப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட 11.4 வீதம் கூடியிருந்தது. பின்னர் ஏற்றத்தின் வேகம் தணிந்தது என்பது உண்மை. ஆனால் வேகம் தணிவது வேறு, ஏறிய விலை இறங்குவது வேறு.

விலை ஏறியதைக் காட்டிலும் புதியவர்களை அதிகம் பாதிப்பது பொதியின் அளவு என்பது என் உறுதியான கருத்து. ஒரு பொருளைக் குறிப்பிட்ட விலைக்குள் அடக்கியாக வேண்டும் என்பதால், இக்கடைகளில் உணவுப் பொருள்கள் சிறிய பொதிகளாகவே வைக்கப்படுகின்றன. கணக்குக்காக ஒன்று பாருங்கள். 450 கிராம் பருப்புப் பொதி ஒன்று 2 டொலர் 50 சதம் என்றும், தமிழ்க் கடையில் 1.8 கிலோ பொதி 6 டொலர் என்றும் கொள்வோம். கையில் எடுக்கும்போது முதலாவதே மலிவாகத் தோன்றும். ஆனால் அந்தச் சிறிய பொதிகள் நான்கு சேர்ந்தால்தான் பெரிய பொதியின் எடை வரும். அதற்கு 10 டொலர் ஆகும். வாரச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பம், கார் இல்லாததால் பேருந்தில் தூக்கி வரக்கூடிய அளவே வாங்கும் குடும்பம், இப்படி ஒவ்வொரு வாரமும் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. குறைந்த வருமானம் உள்ளவரே அதே பருப்புக்கு அதிக விலை கொடுக்கும் இந்த நிலை மனத்தை மிகவும் வருத்துகிறது. ஒரே கட்டடத்தில் வசிக்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து 20 இறாத்தல் (பவுண்ட்) அரிசி மூட்டையையும் பெரிய பருப்புப் பொதியையும் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது இதற்கு ஒரு நல்ல வழி. கார் வைத்திருப்பவர் ஒருவர் அந்தக் குழுவில் இருந்தால் இன்னும் எளிது.

ஆகவே முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, 100 கிராமுக்கோ 100 மில்லிலீற்றருக்கோ என்ன விலை என்று பார்ப்பது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் தட்டின் விளிம்பில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டின் மூலையில், மிகச் சிறிய எழுத்தில் அந்த விலை அச்சிடப்பட்டிருக்கும். அதைக் காட்டுவது கியூபெக்கில் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை என்பதால், டொலர் கடைகளில் பெரும்பாலும் நீங்களே கைத்தொலைபேசியில் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

காய்கறி, பழம், இறைச்சி வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிலோவில் வாங்கிப் பழகிய நமக்கு, தக்காளிக் குவியலின்மேல் பெரிய எழுத்தில் 1.99 என்று கண்டதும் அது ஒரு கிலோவின் விலை என்றே தோன்றும். அது ஓர் இறாத்தலின் விலை. அதாவது 454 கிராமுக்கு உரியது. அதே பலகையின் அடியில் கிலோவுக்கு 4.39 என்று சிறிதாக எழுதியிருக்கும், பில்லிலும் கிலோக் கணக்கே வரும். பில்லைப் பார்த்துக் காசாளர் தவறு செய்துவிட்டார் என்று எண்ணி வாதாடும் புதியவர்களை இங்கே அடிக்கடி காணலாம். பலகையின் அடிவரியை ஒருமுறை வாசித்தால் அந்தச் சங்கடம் நேராது.

வரி தட்டிலுள்ள விலையில் சேர்க்கப்பட்டிருக்காது. ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரி உண்டு. 5 டொலர் வாளிக்கு நீங்கள் கொடுப்பது 5 டொலர் 65 சதம். அரிசி, பருப்பு, காய்கறி, பால், முட்டை, இறைச்சி போன்ற அடிப்படை உணவுகளுக்கு வரி இல்லை. உருளைக்கிழங்குச் சிப்ஸ், சொக்லேற், சோடா ஆகியவற்றுக்கு உண்டு. மஃபின் போன்றவற்றை ஆறுக்குக் குறைவாக வாங்கினால் வரி, ஆறோ அதற்கு மேலோ வாங்கினால் வரியில்லை என்பது பலருக்குத் தெரியாத விதி. சிறுவர் ஆடை, குழந்தைகளின் டயபர், புத்தகம் ஆகியவற்றுக்கு 5 வீதம் மட்டுமே. ஒரு சத நாணயம் 2013இல் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டதால், காசாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சதத்துக்கு மாற்றப்படும்; அட்டையில் கட்டினால் சரியான தொகையே எடுக்கப்படும்.

இவ்வளவு சொன்னதால் டொலர் கடைக்கே போகக் கூடாது என்று கொள்ள வேண்டாம். பிறந்தநாள் வாழ்த்து அட்டை, பரிசுப் பை, கொப்பி, பிளாஸ்டிக் டப்பா, துடைக்கும் துணி, அலங்காரப் பொருள் முதலியவற்றுக்கு அது இன்றும் நல்ல இடம். குளிர்காலக் கையுறையும் காலணியும் அங்கே வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜனவரிக் குளிரில் பேருந்துக்குக் காத்து நிற்பவரின் விரல்களுக்கு அந்த மெல்லிய பின்னல் போதாது. மின்சார நீட்டிப்புக் கம்பி, சார்ஜர் போன்றவற்றில் சிஎஸ்ஏ போன்ற கனேடிய பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். மேலும், டொலராமாவில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ இயலாது. எனவே பொதியைப் பிரித்துப் பார்க்க முடியாவிட்டாலும் உடைசல், கீறல் உண்டா என்றாவது கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மளிகைக்கு நோ ஃபிரில்ஸ், ஃபுட் பேசிக்ஸ், ஃபிரெஷ்கோ ஆகிய மலிவு விலைச் சூப்பர் மார்க்கெட்டுகள் உள்ளன. அங்கும் விலை ஏறியிருக்கிறது என்றாலும் குறைக்க வழிகள் உண்டு. ஒன்ராறியோவில் கடைகளின் வாராந்த விலை விளம்பரத் தாள்களான ஃப்ளையர்கள் வியாழக்கிழமை தொடங்கிப் புதன்கிழமை முடிகின்றன. ஃபிளிப் (Flipp) என்ற செயலியில் பல கடைகளின் ஃப்ளையர்களையும் ஒருங்கே பார்க்கலாம். நோ ஃபிரில்ஸ், ஃபிரெஷ்கோ போன்ற கடைகளில், வேறு கடையின் ஃப்ளையரில் அதே பொருள் அதே அளவில் குறைந்த விலைக்கு இருப்பதைத் தொலைபேசியில் காட்டினால் அந்த விலைக்கே தருவார்கள். எந்தெந்தக் கடைகளின் விலையை ஏற்பார்கள் என்பதை வாடிக்கையாளர் சேவை மேசையில் முதலே கேட்டுவிடுவது நல்லது. இப்படிக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கே எல்லா மக்களும் கேட்கிறார்கள். காலாவதித் திகதி நெருங்கிய பாண், இறைச்சி, தயிர் ஆகியவற்றில் தள்ளுபடிச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். நோ ஃபிரில்ஸின் தாய் நிறுவனமான லோப்லோ, இந்த 50 வீதத் தள்ளுபடியை 30 வீதமாகக் குறைக்க 2024 ஜனவரியில் முற்பட்டபோது மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நிறுவனம் முடிவைக் கைவிட்டது. அந்த ஒட்டுச்சீட்டை நம்பிச் சமைக்கும் குடும்பங்கள் எத்தனை என்பதை அது நாட்டுக்கே உணர்த்தியது.

பில்லைக் கடையை விட்டு வெளியேறுமுன் சரிபாருங்கள். தட்டில் காட்டிய விலையைவிட ஸ்கேனரில் அதிகம் விழுந்தால், ஸ்கேனர் விலை ஒழுங்குவிதியை ஏற்றுக்கொண்ட கடைகளில் குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பொருள் இலவசமாகவே கிடைக்கும், அதற்கு மேற்பட்டதாயின் ஒரு தொகை கழிக்கப்படும். இது சட்டமன்று, கடைகள் தாமாக ஏற்றது. நீங்கள் கேட்டால்தான் தருவார்கள்.

இவ்வளவும் செய்தும் மாத முடிவில் சமைக்க ஒன்றும் இல்லாத நிலை வந்தால் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். 211 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் வீட்டுக்கு அருகில் இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் உணவு வங்கி எது, எப்போது திறக்கும் என்று சொல்வார்கள்; ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.