டிவிக்குப் போனதும் 60 பிரேம் வீடியோ திக்குகிறதா? இந்தத் தவறுகளைப் பாருங்கள்

கம்ப்யூட்டரில் தங்குதடையின்றி ஓடுகிற 60 பிரேம் வீடியோ (வினாடிக்கு 60 படங்கள் காட்டுவது) டிவிக்குப் போனதும் திக்கித் திணறும். உடனே எல்லோரும் திட்டுவது இன்டர்நெட்டை. ஆனால் ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ரவுட்டரைத் தாண்டி அது வெளியே போவதே இல்லை. பல நேரங்களில் நடப்பது வேறு: போகிற வழியில் வீடியோ பிரிக்கப்பட்டு, மறுபடி சுருக்கப்படுகிறது.

இதில் முதல் குற்றவாளி ஸ்கிரீன் மிரரிங். அதில் ஃபைல் போவதே இல்லை. கம்ப்யூட்டர் தன் திரையைப் படம்பிடித்து, அவசர அவசரமாகச் சுருக்கி, வைஃபையில் தள்ளிவிடுகிறது. வினாடிக்கு 60 பிரேம் என்றால் 16.7 மில்லிவினாடிக்கு ஒரு பிரேம் வந்து சேர வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கண் பிடித்துவிடும். பிரவுசர் டேபை அப்படியே காஸ்ட் செய்வதும் இதே கதைதான். ஸ்லைடு காட்ட மிரரிங் போதும். வீடியோவுக்கு ஃபைலையே டிவியிடம் கொடுத்துவிடுங்கள். டிஎல்என்ஏ (வீட்டு நெட்வொர்க்கில் கருவிகள் வீடியோவைப் பகிரும் முறை) வழியாகவோ, ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மீடியா சர்வர் (ஃபைலை டிவிக்கு அனுப்பும் மென்பொருள்) வழியாகவோ கொடுத்தால், சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் (டிகோட்) வேலையை டிவியே பார்த்துக்கொள்ளும்.

சர்வர் போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று நானும் நினைத்தேன். ஒருநாள் படம் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே லேப்டாப்பின் ஃபேன் இரைய ஆரம்பித்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸர் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, கடைசியில் சப்டைட்டிலை நிறுத்தினேன். ஃபேன் அடங்கியது, திக்கலும் போனது. புளூ-ரே டிஸ்க்குகளில் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். அதைக் காட்டத் தெரியாத டிவிக்காக, சர்வர் ஒவ்வொரு பிரேமிலும் அதை ஒட்டி வீடியோவையே புதிதாகச் சுருக்குகிறது, அதாவது என்கோட் செய்கிறது. எழுத்து வடிவ எஸ்ஆர்டி ஃபைலைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

எச்.264 என்பது வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை. அதில் நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10-பிட் ஃபைல்களும் இப்படித்தான். பெரும்பாலான டிவிகளுக்கு அவை ஒத்துவராது. அதற்கு அடுத்து வந்த முறையான எச்இவிசி-யில் 10-பிட் என்றால் பல புதிய டிவிகள் தாராளமாக ஓட்டும். டிவி ஆப்பில் வீடியோ தரத்துக்கு ஏதாவது வரம்பு வைத்திருந்தாலும் சர்வர் என்கோட் செய்யக் கிளம்பிவிடும். சர்வரின் டாஷ்போர்டில் 'டைரக்ட் பிளே' (ஃபைல் மாறாமல் அப்படியே போகிறது) என்று காட்டுகிறதா பாருங்கள். 'டிரான்ஸ்கோட்' (மறுபடி என்கோட் ஆகிறது) என்று இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

சரி, நெட்வொர்க் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. கம்ப்யூட்டரும் டிவியும் வைஃபையில் இருந்தால் ஒரே வீடியோ காற்றில் இரண்டு முறை போகிறது: கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு, அங்கிருந்து டிவிக்கு. கம்ப்யூட்டரை மட்டும் கேபிளில் மாட்டினாலே பாதிச் சுமை குறையும். டிவியை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வையுங்கள், 2.4-ல் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூடக் குறுக்கே வரும். டிவிக்கும் கேபிள்தான் நல்லது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பல டிவிகளில் நெட்வொர்க் கேபிள் மாட்டும் லேன் போர்ட்டின் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். பிட்ரேட் (வினாடிக்கு எவ்வளவு டேட்டா) அதிகமுள்ள 4கே 60 பிரேம் ஃபைலுக்குச் சில இடங்களில் அது போதாது. நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதை முந்திவிடும்.

எச்டிஎம்ஐ கேபிளில் நேராக மாட்டுகிறவர்கள் செய்யும் தவறு இன்னும் எளிமையானது. எச்டிஎம்ஐ 1.4-ல் 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான், அதாவது வினாடிக்கு 30 படம்தான் கிடைக்கும். 60 பிரேமில் பாதி அங்கேயே காணாமல் போகும். 2.0 போர்ட் இல்லையென்றால் 1080பி-யில் 60 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்பிளே செட்டிங்கில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று ஒருமுறை திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

50 பிரேம் வீடியோவை 60 ஹெர்ட்ஸில் ஓட்டினாலும் இடிக்கும். ஐந்து பிரேமுக்கு ஒன்று இரண்டு முறை காட்டப்படும். அதாவது வினாடிக்குப் பத்துத் தடவை. கால்பந்து மைதானத்தில் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது கோடுகள் நடுங்குவதைப் பார்க்கலாம். டிவியின் மோஷன் ஸ்மூத்திங்கை (இடைப் பிரேம்களைத் தானே உருவாக்கிச் சேர்க்கும் வசதி) கூட்டி இதை மறைக்கப் பார்க்காதீர்கள். டிஸ்பிளேயை 50-க்கு மாற்றினால் போதும். வீடியோவின் 59.94 பிரேமுக்கும் திரையின் 60 ஹெர்ட்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பிடித்துக்கொண்டு சிலர் அலைவதுண்டு. அது கிட்டத்தட்ட 17 வினாடிக்கு ஒரே ஒரு பிரேம். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.