தன்னை அறிய முற்படுவோர் செய்யும் சில தவறுகள்

தம்மைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவோர் பலர் முதலில் நாடுவது ஆளுமைத் தேர்வுகளைத்தான். கைப்பேசியில் சில கேள்விகளுக்கு விடையளித்ததும், நான்கு எழுத்துகளில் ஒரு வகைப்பெயரும் நெஞ்சைத் தொடும் ஒரு பத்தியும் கிடைக்கின்றன. 'அப்படியே என்னைச் சொல்லியிருக்கிறதே' என்ற வியப்பில், அந்தப் பத்தி வேறு யாருக்கெல்லாம் பொருந்தும் என்று கேட்கத் தோன்றுவதில்லை. 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளுமைக் குறிப்பை வழங்கி, அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. உண்மையில் எல்லோருக்கும் அவர் கொடுத்தது, கடையில் விற்ற சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்துத் தொகுத்த ஒரே குறிப்பு. 'பிறர் உங்களை விரும்ப வேண்டும், மதிக்க வேண்டும் என்று ஏங்குகிறீர்கள்' என்பது அதில் ஒரு வரி; அந்த ஏக்கம் யாருக்குத்தான் இல்லை? ராசிபலனைப் பார்த்துச் சிரிப்பவர்களும் இந்த வலையில் விழுகிறார்கள். விழுவதோடு நில்லாமல், 'நான் இன்ட்ரோவர்ட், மேடையெல்லாம் எனக்கு ஒத்துவராது' என்று முயன்று பார்க்காமலேயே ஒதுங்கிக்கொள்வதுதான் பெரிய இழப்பு.

தேர்வுகளை நம்பாதவர்கள் தனியே அமர்ந்து 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்?' என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார்கள். இது மேலானதாகத் தோன்றினாலும், மனம் தரும் காரணம் உண்மைக் காரணமாகத்தான் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட், திமதி வில்சன் ஆகியோர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான்கும் ஒரே மாதிரியானவை. ஆயினும் 40 சதவீதத்தினர் வலக்கோடியில் இருந்ததையே எடுத்தார்கள், இடக்கோடியில் இருந்ததை எடுத்தவர்கள் 12 சதவீதத்தினர் மட்டுமே. வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமோ என்று கேட்டபோது, கேட்டவருக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்பதுபோல் பார்த்து, ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். ஆகவே காரணங்களைத் தோண்டுவதைவிடச் செயல்களைப் பார்ப்பது பயன் தரும். புத்தகங்களே தம் உயிர் என்று நம்பும் ஒருவர், கடந்த மூன்று மாத யூபிஐ கணக்கையும் கைப்பேசி காட்டும் திரைநேரப் பட்டியலையும் எடுத்துவைத்து, எதற்குச் செலவழித்தார், இரவு பத்து மணிக்குமேல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று வரிவரியாகப் படித்தால், சற்றுச் சங்கடமான ஆனால் நம்பத்தக்க ஒரு சித்திரம் கிடைக்கும்.

தன்னைத் தன்னைவிட நன்றாக அறிந்தவர் இல்லை என்ற எண்ணமும் பாதிதான் சரி. உளவியலாளர் சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, பதற்றம் போன்ற உள்நிலைகளை நாமே நன்கு மதிப்பிடுகிறோம்; அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்று பெருமையும் கூச்சமும் கலந்த பண்புகளை நண்பர்களே சரியாகக் கணிக்கிறார்கள். ஆனால் 'நான் எப்படிப்பட்டவன்?' என்று பொதுவாகக் கேட்டால் எந்த நண்பரும் மனம் நோகாத பதிலைத்தான் சொல்வார். 'அன்றைய கூட்டத்தில் நான் யாரையாவது பேசவிடாமல் தடுத்தேனா?' என்று குறிப்பாகக் கேட்பதே முறை.

நம் வீடுகளில் அதிகம் காணப்படும் தவறு வேறொன்று. பிளஸ் டூ முடிக்கும் முன்பே பெற்றோர் வகுத்த படிப்பையும் வேலையையும் ஆராயாமல் ஏற்று, அதுவே தன் இயல்பு என்று வாழ்வதை, அடையாளம் உருவாகும் நிலைகளுள் ஒன்றாக உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இலேயே வகைப்படுத்தினார். இதைத் தாமதமாக உணர்பவர்கள் சிலர், வீட்டிலிருந்து வந்த அனைத்தும் பொய் என்று எதிர்க்கோடிக்கு ஓடுகிறார்கள். அதுவும் ஆராயாமல் எடுத்த முடிவே. பெற்றோர் சொன்ன தொழில், ஆராய்ந்த பின்னரும் ஒருவருக்கு உண்மையிலேயே பிடித்திருக்கலாம்.

கண்டறிந்தவற்றைத் தேதியிட்டு எழுதிவைப்பது நல்லது; இன்று அறிந்த 'நான்' இனி மாறாது என்று நம்பிவிடுவது மனத்தின் இயல்பு. 19,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வில், தம்மைவிடப் பத்து வயது மூத்தவர்கள் கடந்த பத்தாண்டுகளில் மாறியதாகச் சொன்ன அளவைக் காட்டிலும், அடுத்த பத்தாண்டுகளில் தாம் மாறப்போவது குறைவே என்று எல்லா வயதினரும் கணித்திருந்தார்கள்.