நெடுநாள் உழைக்கும் கேமிங் கணினி: பிராசஸரையும் மதர்போர்டையும் தேர்ந்தெடுப்பது எப்படி

கேமிங் கணினியில் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வேறொன்றை மாட்டப் பத்து நிமிடம் போதும். மதர்போர்டை மாற்றுவது அப்படியல்ல. எல்லா ஒயரையும் பிடுங்கி, கூலரைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். பெரும்பாலும் பழைய பிராசஸரும் ராமும் அதோடு சேர்ந்தே போய்விடும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது சாக்கெட்டை, அதாவது போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தை. பிராசஸரின் பெயர் அதற்குப் பிறகுதான். நான்கைந்து ஆண்டு கழித்து அதே போர்டில் இன்னும் வேகமான பிராசஸரைப் போட முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்தால், பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் இதற்கு நல்ல பாடம். 2017-ல் அதன் முதல் தலைமுறை ரைசன் பிராசஸர்களுக்காக வந்த பி350, எக்ஸ்370 போர்டுகள் பலவற்றில், பயாஸை (போர்டை எழுப்பி இயக்கும் மென்பொருள்) புதுப்பித்துவிட்டு 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரைப் போட முடிந்தது. இன்னொரு லாபமும் இருந்தது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் முதல் தலைமுறை ரைசன் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. போர்டை வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்றியவர்கள் இரண்டு சிக்கலையும் ஒரே வேலையில் தாண்டினார்கள்.

இன்டெல் பக்கம் சாக்கெட் சீக்கிரம் மாறும். எல்ஜிஏ1200-ல் 10, 11-ஆம் தலைமுறைகள். எல்ஜிஏ1700-ல் 12, 13, 14. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசைக்காக எல்ஜிஏ1851. ஒன்றின் பிராசஸர் மற்றொன்றில் பொருந்தாது. ஏஎம்4-க்கு அடுத்து 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-ஐயும் தாண்டி ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. போர்டை வைத்துக்கொண்டு பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால், எங்கள் தேர்வு ஏஎம்5. கீழே சொல்வதில் பெரும்பகுதி அதை மனதில் வைத்தே.

எல்ஜிஏ1700-ல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை பிராசஸரை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஒன்றை உடனே செய்ய வேண்டும்: 0எக்ஸ்12பி மைக்ரோகோடோ (பிராசஸரின் உள் கட்டளைத் தொகுப்பு) அதற்குப் பிந்தையதோ உள்ள பயாஸைப் போட வேண்டும். பழைய மைக்ரோகோடு அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டதால் அந்தச் சிப்புகளில் சில மெல்லத் தேய்ந்து, கேம் திறக்கும்போதே கிராஷ் ஆகத் தொடங்கின. புதிய பயாஸ் மேலும் கெடாமல் காக்கும். கெட்டதைத் திருப்பித் தராது. அப்படிப்பட்ட சிப்பை வாரண்டியில் மாற்றுவதே வழி.

எத்தனை கோர், எவ்வளவு கேஷ்

2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 8 கோர் (பிராசஸருக்குள் தனித்து இயங்கும் பகுதி) உள்ள, ஏஎம்டியின் ஜென் 2 வகைப் பிராசஸர்தான். பெரிய கேம்கள் அந்த அளவுக்குத்தான் எழுதப்படுகின்றன. 6 கோர் இன்றைக்குப் போதும். 8 கோர் இருந்தால் மூச்சு வாங்காது. 12, 16 கோர் வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்கு. கேமுக்காக மட்டும் வேண்டாம்.

கோரைவிடக் கேமுக்கு முக்கியம் எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். கேம் கேட்கும் தரவு ராமில் அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் ராம் வரை போய் வரும் நேரத்தில் கோர் சும்மா நிற்கும். ரைசன் 9700எக்ஸ்-ல் 32 எம்பி எல்3, கூடுதல் கேஷ் அடுக்கிய எக்ஸ்3டி வகையான 9800எக்ஸ்3டி-யில் 96 எம்பி. இரண்டிலும் 8 கோர்தான். ஆனால் கேஷ் கூடும்போது சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்குத் திரையில் வரும் காட்சிகள்) ஏறுவதோடு, 1 சதவீத லோ என்ற அளவில் தெரியும் திடீர்ச் சறுக்கல்களும் குறைகின்றன. விளையாடும்போது கை உணர்வது அதைத்தான்.

இதெல்லாம் உங்களுக்குத் தேவையா என்பதை இப்போதிருக்கும் கணினியிலேயே சோதிக்கலாம். கேமில் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டு. அப்படியே நின்றால் தடை பிராசஸர். 4கே-யில் நடுத்தரக் கார்டோடு விளையாடுபவருக்கு எக்ஸ்3டி-யின் பலன் அவ்வளவாகத் தெரியாது. 1080பி-யில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு உட்காருபவருக்கு உடனே தெரியும்.

எங்கள் பரிந்துரை: இப்போது 7600 அல்லது 9600எக்ஸ் போன்ற 6 கோர், கூடவே நல்ல போர்டு. ஏஎம்5-ன் கடைசிக் காலத்தில் அதற்கு வரும் சிறந்த எக்ஸ்3டி. இரண்டாவது முறை கை வைக்கவே விருப்பமில்லாதவர்கள் முதலிலேயே 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி பக்கம் போகலாம்.

ஒரு பொறி உண்டு. 8700ஜி, 8500ஜி போன்றவை பெயரில் புதியவையாகத் தெரியும். அவற்றில் எல்3 வெறும் 16 எம்பி. கிராபிக்ஸ் கார்டுக்கு 8700ஜி-யில் 8 லேன் (தரவு போகும் பாதை), 8500ஜி-யில் 4 லேன்தான். தனிக் கார்டு போடுவதாக இருந்தால் இவற்றைத் தொடாதீர்கள். எஃப் என்று முடியும் மாடல்களில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் இருக்காது. கார்டு பழுதான நாளில் திரையில் எதுவுமே வராமல் தவிப்பதைவிட, அது உள்ள மாடலை எடுப்பது நல்லது.

போர்டில் பார்க்க வேண்டியவை

போர்டின் ஆயுளைத் தீர்மானிப்பது விஆர்எம். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1.2 வோல்ட்டாக இறக்கிப் பிராசஸருக்குக் கொடுக்கும் பகுதி அது. 7800எக்ஸ்3டி-யின் மின் வரம்பு 162 வாட். 162-ஐ 1.2-ஆல் வகுத்தால் 135 ஆம்பியர். அத்தனை கரண்டும் சாக்கெட்டைச் சுற்றியுள்ள சில சிறு சிப்புகள் வழியாகப் போகிறது. அவை சூடேறினால் பிராசஸர் வேகம் இறங்கும். அந்தச் சூட்டிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தால் பக்கத்திலுள்ள கெபாசிட்டர்கள் காயும். சாக்கெட்டின் இடப்பக்கமும் மேற்பக்கமும் திருகு போட்ட ஹீட்சிங்க் உள்ள போர்டாகப் பாருங்கள். ‘14 ஃபேஸ்’ என்ற எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். அந்தச் சிறு சிப்புகளான பவர் ஸ்டேஜ் ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதே கணக்கு. 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி.

சிப்செட்டில் (போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்) பி650 அல்லது பி850 போதும். ஏ620-ல் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய (குறித்ததைவிட வேகமாக ஓட்ட) முடியாது, விஆர்எம்மும் பெரும்பாலும் மெலிது. எக்ஸ்870இ தருவது கூடுதல் போர்ட்டுகளும் லேன்களும். எஃப்பிஎஸ் அதனால் கூடாது.

எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டுகளை எண்ணுவதோடு நிறுத்தாமல் மேனுவலைப் படியுங்கள். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-வில் எஸ்எஸ்டி போட்டால் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் 8 ஆகிவிடும். வேறு சிலவற்றில் ஹார்டு டிஸ்க் போன்றவற்றுக்கான இரண்டு சாட்டா போர்ட் செத்துவிடும். இது அட்டைப்பெட்டியில் இருக்காது, மேனுவலின் அடிக்குறிப்பில் இருக்கும்.

பயாஸ் சிப்பின் கொள்ளளவையும் பாருங்கள். ஏஎம்4 காலத்தில் பல போர்டுகளில் 16 எம்பிதான் இருந்தது. இடம் போதாமல், புதிய பிராசஸரைச் சேர்க்கப் பழையதை நீக்க வேண்டி வந்தது. 32-க்குப் பதில் 64 எம்பி உள்ளது கிடைத்தால் அதை எடுங்கள்.

பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் கட்டாயம் வேண்டும். கடையில் நெடுநாள் கிடந்த போர்டுக்குப் புதிய பிராசஸர் யாரென்றே தெரியாது; திரை கறுப்பாகவே இருக்கும். பட்டன் இருந்தால் பிராசஸரே இல்லாமல் பயாஸை ஏற்றலாம்:

1. பென் டிரைவை எஃப்ஏடி32-ல் ஃபார்மட் செய்து, போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்த பயாஸ் கோப்பை மேனுவல் சொல்லும் பெயருக்கு மாற்றிப் போடுங்கள். பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் ஏற்காது.
2. 24 பின், 8 பின் ஒயர்களைச் செருகி, பவர் சப்ளையை ஆன் செய்யுங்கள். கணினியை ஆன் செய்ய வேண்டாம்.
3. அதற்கென்று குறித்த யுஎஸ்பி போர்ட்டில் டிரைவைச் செருகிப் பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். விளக்கு மினுங்கும்.
4. மினுங்கல் நிற்கும்வரை எதையும் தொடாதீர்கள்.

ராம், பொருத்துதல்

ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டுமே. இரண்டு 16 ஜிபி ஸ்டிக், 6000 வேகம், சிஎல்30 என்ற தாமத அளவு. பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட்டு, பயாஸில் எக்ஸ்போவை (ராமை அதில் குறித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் ராம் தன் அடிப்படை வேகத்திலேயே ஓடும். பின்னால் இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நான்கு ஸ்டிக்குக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600 வரை இறங்கிவிடுகிறது. அதிகம் வேண்டுமென்றால் முதலிலேயே இரண்டு 32.

எக்ஸ்3டி போடும்போது எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸரில் ராமைக் கையாளும் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023-ல் சில போர்டுகள் அதற்கு மேல் கொடுத்ததால் பிராசஸரும் சாக்கெட்டும் கருகின. பிந்தைய பயாஸ்கள் அந்த வரம்பைத் தாமே பூட்டிவிட்டன.

ஏஎம்5-ல் 1718 பின்களும் போர்டில் இருக்கின்றன. பிராசஸர் கைதவறி ஓர் ஓரமாக விழுந்தால் பின் வளையும். முக்கோணக் குறியைப் பொருத்தி, செங்குத்தாக வையுங்கள், நகர்த்தாதீர்கள். முதல் முறை ஆன் செய்ததும் ராம் பயிற்சி, அதாவது போர்டு ராமுக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் வேலை நடக்கும். சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். கெட்டுவிட்டது என்று பயந்து பவரை நிறுத்தினால் அது மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடும். பத்து நிமிடம் கழிந்தும் படம் வராவிட்டால் போர்டின் ஓரத்திலுள்ள சிறு விளக்குகளில் எது எரிகிறது என்று பாருங்கள். டிராம் (ராமுக்கான) விளக்கு எரிந்தால் ஒரே ஒரு ஸ்டிக்கோடு முயலுங்கள்.

சில ஆண்டு கழித்துப் பிராசஸரை மாற்றும் நாளில், பழையது சாக்கெட்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். அதற்கும் முன்னால், விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை வேறிடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டின் ரகசியத்தைக் காக்கும் டிபிஎம் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால் சிப் மாறியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும். இல்லையென்றால் டிரைவில் உள்ள எதையும் திறக்க முடியாது.