லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் படமாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வழக்குகளைத் தழுவும் திரைக்கதைகளுக்கு ஆதாரம் திரட்டித் தருவது என் தொழில். மஞ்சள் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலைக்குச் சதி செய்ததாக நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றம் சாட்டப்பட்ட வழக்கை எழுதும் இளையவர்களின் பிரதிகளில், தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளையே திரும்பத் திரும்பக் காண்கிறேன். உடை, சிகை, கார் ஆகியவற்றைக் கலை இயக்குநர் கவனித்துக்கொள்வார். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தெருவிலேயே சாகடிப்பது

1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவில் சென்றபோது குத்தப்பட்ட லட்சுமிகாந்தன், மறுநாள் பொது மருத்துவமனையில்தான் இறந்தார். இடைப்பட்ட அந்த இரவை இழக்காதீர்கள்.

ஜூரியை மறப்பது

இந்தத் தவறைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. அதே காலத்து வழக்கு ஒன்றுக்கு நான் முதன்முதலில் எழுதிக் கொடுத்த நீதிமன்றக் காட்சியில், குற்றவாளி என்று நீதிபதியே முடிவு சொன்னார். படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பு அரங்கைப் பார்க்க வந்த முதிய வழக்கறிஞர், “ஜூரிகள் எங்கே உட்காருவார்கள்?” என்று கேட்டார். ஒரு பக்கச் சுவரைப் பிரித்துக் கட்டினோம். செலவைக் காட்டிலும், வசனத்தை அடியோடு மாற்ற நேர்ந்ததுதான் பெரிய அடி. ஏனெனில் அன்றைய சென்னை உயர்நீதிமன்ற செஷன்ஸ் விசாரணையில், வழக்கறிஞர் தம் வாதத்தால் இணங்கவைக்க வேண்டியவர்கள் பொதுமக்களிலிருந்து அழைக்கப்பட்ட, சட்டம் படிக்காத ஒன்பது ஜூரர்கள். அவர்கள்தான் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றும், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவைக் குற்றமற்றவர் என்றும் கண்டார்கள்; நீதிபதி மாக்கெட் 1945 மே மாதத்தில் விதித்த ஆயுள் தீவாந்தர தண்டனை (ஆயுளுக்கும் கடல் கடந்து அனுப்பும் தண்டனை) அந்த முடிவின்மேல் எழுந்தது. தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், அதன் நாயகன் பாகவதரின் விதி முன்பின் அறியாத ஒன்பது பேரிடம் இருந்தது. அவர்களின் முகங்களைக் காட்டாத படத்தில் அந்த அச்சம் எப்படித் தோன்றும்?

அந்தமான் கப்பல் காட்சி

எழுதாதீர்கள். தீர்ப்பு வந்தபோது அந்தமான் ஜப்பானியர் வசம் இருந்தது.

லண்டன் விடுவித்தது என்பது

அன்றைய இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுவிக்கவில்லை. மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. முன்பு மேல்முறையீட்டைத் தள்ளிய அதே சென்னை உயர்நீதிமன்றம்தான், 1947 ஏப்ரலில் இருவரையும் விடுதலை செய்தது. விடுதலைக் காட்சியின் களம் சென்னைதான்.