பாசிமணிக்கு வயது சொல்வதற்கு முன்

தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து என் அக்காள் மகன் ஒரு மணியைக் கொண்டுவந்தான். கடுகைவிடச் சற்றுப் பெரியது, செங்கல் நிறம். மழை ஓய்ந்த மறுநாள் கொற்கைப் பக்கம் ஒரு வரப்பில் கிடந்ததாம். “பாண்டியர் காலம்தானே மாமா?” என்றான். மண் போகட்டும் என்று புளி போட்டுத் தேய்த்திருந்தான். எந்த வரப்பு என்று கேட்டால், “அந்தப் பக்கம்தான்” என்று கையைக் காட்டினான்.

நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து வயது சொல்வதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. இந்தச் செங்கல் நிறச் சிறு மணிகள், உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்துச் சூடாக்கி முனை மழுக்கப்பட்டவை. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் இழுத்துச் செய்த இதே வகை மணிகளை, ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டிலும் செய்தார்கள். ஆகவே ஒரு மணி சங்க காலத்ததாகவும் இருக்கலாம், நம் ஆச்சியின் கழுத்திலிருந்து அறுந்து விழுந்ததாகவும் இருக்கலாம்.

மணி உறுதியாகச் சொல்வது தன் வயதை அல்ல, தான் பிறந்த விதத்தை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால் அது இழுத்த மணி. துளையைச் சுற்றி வளைந்து ஓடினால் கம்பியில் சுற்றிய மணி. இடுப்பில் மெல்லிய தையல் போல ஒரு கோடு தெரிந்தால் அச்சில் வார்த்தது. ஒளி புகாத சிவப்பு மணியில் குமிழி தெரியாது. அதற்கு மேற்பரப்பில் ஓடும் நுண்கோடுகளைப் பார்க்க வேண்டும். சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லா, சிவப்புக் கண்ணாடியா என்ற குழப்பத்தையும் துளையே பெரும்பாலும் தீர்த்துவிடும். கல்லை இரு புறமும் துளைப்பார்கள். நடுவில் இரண்டு துளைகளும் சற்று விலகிச் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியும்.

மேலே வானவில் நிறத்தில் படலம் இருந்தால் மிகப் பழையது என்று நம்பிவிடாதீர்கள். மண்ணின் ஈரம் கண்ணாடியிலிருந்து காரத்தை இழுப்பதால் வருவது அது. தாமிரபரணி நஞ்சையில் கிடந்த மணியும் தேரி மணலில் கிடந்த மணியும் ஒரே வயதாக இருந்தாலும் ஒரே மாதிரி இருக்காது. அந்தப் படலத்தைப் புளி, எலுமிச்சை, பிரஷ் போட்டுத் தேய்த்தால் மணியின் பழைய தோலே உரிந்துவிடும். சுடுமண் மணியை நெருப்பில் காட்டிச் சோதிப்பது அதைவிட மோசம். அது கடைசியாகச் சூளையில் வெந்த காலத்தை, சூடேற்றும்போது வெளிவரும் ஒளியை அளக்கும் வெப்ப ஒளிர்வு முறையில் கணிக்கலாம். மறுபடி சூடேற்றினால் அந்தக் கணக்கு அழிந்துவிடும்.

கண்ணாடிக்குக் கார்பன் காலக்கணிப்பு செய்ய முடியாது; ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருளுக்குத்தான் அது முடியும். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் கி.மு. 1155 என்ற காலம் கிடைத்தது முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல்லினால்தான். மணிக்கும் அப்படித்தான்: எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் கருப்பு-சிவப்புப் பானை ஓடு இருந்ததா, காசு இருந்ததா என்பவைதான் வயது சொல்லும். ஆகவே கண்ணில் பட்டதும் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பழைய தாழிகள் புதைந்த மேடான ஆதிச்சநல்லூர்ப் பரம்பு போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் கை வைக்கவே கூடாது. மண்ணுக்குள் புதைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் இருக்கும் சட்டம்.

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். வரப்பு வரப்பாக நடந்தோம். மணி கிடந்த இடத்தை அவனால் காட்ட முடியவில்லை.