கிராஸ் ஸ்டிச்: படம் முடிவான பிறகு கடைக்குப் போங்கள்

கட்டத் துணியில் X வடிவத் தையலாகப் போட்டுப் படம் உருவாக்கும் கிராஸ் ஸ்டிச்சை ஆரம்பிக்க ஆசைப்படுபவர்கள் பலரும் முதல் வேலையாக, நூறு வண்ண நூல் அடங்கிய டப்பா ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். டப்பாவில் நூறு நிறம் இருக்கும். நீங்கள் தைக்கப்போகும் ரோஜாவுக்கு வேண்டிய நான்கு பச்சையில் இரண்டு இருக்காது. படம், துணி, நூல், ஊசி என்ற வரிசையில் போனால் பணமும் மிச்சம், அலைச்சலும் மிச்சம்.

1. படத்தைத் தேர்ந்தெடுங்கள்

சார்ட் என்பது எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று காட்டும் வரைபடம். அதில் முதலில் பார்க்க வேண்டியது அகலத்துக்கும் உயரத்துக்கும் எத்தனை கட்டம் என்பது. அடுத்து எத்தனை நிறம். முதல் வேலைக்கு நூறு கட்டத்துக்குள், பத்து நிறத்துக்குள், அரைத் தையல் முக்கால் தையல் (X முழுதாக விழாத தையல்கள்) எதுவும் இல்லாத படமாக இருக்கட்டும். பெரிய ஓவியங்களை அப்படியே சார்ட்டாக்கி விற்கிறார்கள், பார்க்க அள்ளிக்கொள்ளும். 300 × 400 கட்டம் என்றால் 1,20,000 தையல். மணிக்கு நூறு தையல் போட்டாலும் 1,200 மணி நேரம் ஆகும். அது பிறகு.

2. துணியைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்

இதற்கென்றே கட்டம் கட்டமாக நெய்த துணி ஐடா. 11, 14, 16, 18 என்று கவுண்ட் சொல்லி விற்பார்கள். ஓர் அங்குலத்தில் அத்தனை கட்டம் என்று பொருள். எண் கூடக் கூடக் கட்டம் சின்னதாகும். புதியவர்களுக்கு 14 சரி.

சார்ட் 98 × 70 கட்டம் என்று வைத்துக்கொள்வோம். 14-ஆல் வகுத்தால் 7 × 5 அங்குலம். ஃப்ரேம் போட நாலு பக்கமும் மூன்று அங்குலம் விடுங்கள். ஆக 13 × 11 அங்குலத் துணி வேண்டும். இதே படம் 18 கவுண்ட்டில் சுமார் 5½ × 4 அங்குலமாகச் சுருங்கிவிடும். கணக்கைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள், கடைக்காரர் "ஒரு மீட்டர் வாங்கிடுங்க" என்று சொல்லும்போது உதவும்.

ஐடா இல்லாத கடையில் மேட்டி துணியை எடுத்து நீட்டுவார்கள். பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். விலை குறைவு, பழகிப் பார்க்க நல்லதுதான். ஆனால் வாங்கும் முன் ஸ்கேலை வைத்து, நெடுக்கில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கட்டம், குறுக்கில் எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வட்டமாக வர வேண்டிய நிலா முட்டையாக வரும்.

வீட்டுக்கு வந்ததும் தெருமுனை டெய்லரிடம் கொடுத்து ஓரத்தை ஓவர்லாக் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேலை முடியும்வரை பிசிறு வந்துகொண்டே இருக்கும்.

3. நூல்

எம்பிராய்டரி நூல் ஒரு ஸ்கெயின், அதாவது ஒரு சிறு கண்டு, பொதுவாக 8 மீட்டர் இருக்கும்; ஆறு இழை சேர்ந்தது. 14 கவுண்ட்டில் இரண்டு இழையாகத் தைப்பது வழக்கம். கழிவு போக ஒரு ஸ்கெயினில் சுமார் 1,500 தையல் வரும் என்று கணக்கு வைக்கலாம். பின்னணிக்கு ஒரே நிறம் 4,000 தையல் என்றால் மூன்று ஸ்கெயினையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிவிடுங்கள். சாயத் தொகுதி மாறினால் அதே எண்ணிலும் நிறம் லேசாக மாறும். தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் கோடு போட்ட மாதிரி தெரியும்.

பெரும்பாலான சார்ட்டுகளில் நூலின் நிறத்துக்கு டிஎம்சி எண் இருக்கும். டிஎம்சி, இன்று பிரான்ஸில் உள்ள முலூஸ் நகரில் 1746-இல் தொடங்கிய நூல் நிறுவனம். நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது ஆங்கர் பிராண்ட் நூல். அம்மாவின் தையல் பெட்டியில், அதை இங்கே விற்ற மதுரா கோட்ஸின் சீட்டோடு ஒன்றிரண்டு கிடந்தாலும் கிடக்கும். இரண்டுக்கும் எண் வேறு: டிஎம்சி கறுப்பு 310, ஆங்கர் கறுப்பு 403. மாற்று அட்டவணை இணையத்தில் கிடைக்கும், ஆனால் கறுப்பு வெள்ளை தவிர மற்றவை ஏறத்தாழ ஒத்துப்போகும், அவ்வளவுதான். ஒரு படத்தை ஒரே பிராண்டில் தைத்துவிடுவது உத்தமம்.

டிஎம்சி எண்ணையே அச்சடித்துக்கொண்டு பெயரில்லாத மலிவு நூலும் வருகிறது. சிவப்பையும் அடர்நீலத்தையும் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம்.

4. ஊசி, ஃப்ரேம்

நுனி மழுங்கிய டேப்பெஸ்ட்ரி ஊசி கேளுங்கள். 14 கவுண்ட்டுக்கு 24-ஆம் எண், 18-க்கு 26. சாதா தையல் ஊசி துணியின் இழையையே குத்திக் கிழிக்கும். தைக்கும்போது துணியை விறைப்பாகப் பிடிக்கும் ஃப்ரேமுக்கு ஆறு அங்குல மர வளையம் போதும்.

5. முடிச்சு இல்லாமல் தொடங்குங்கள்

நூலை 90 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஆறு இழையில் ஒன்றை மட்டும் பிடித்து நேராக மேலே உருவுங்கள்; மற்ற ஐந்தும் சுருங்கிக் கீழே நிற்கும், நீவிவிட்டால் சரியாகிவிடும். இரண்டு மூன்றைச் சேர்த்து இழுத்தால் சிக்குதான். உருவிய இழையை இரண்டாக மடித்து, இரு நுனியையும் சேர்த்து ஊசிக் காதில் கோத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் ஒரு கண்ணி இருக்கும். ஊசியைத் துணியின் பின்னாலிருந்து மேலே எடுத்து, கண்ணி பின்பக்கமே நிற்கும்படி நிறுத்துங்கள். குறுக்காகக் கீழே குத்தி, அந்தக் கண்ணிக்குள் ஊசியை நுழைத்து மெல்ல இழுத்தால் நூல் பூட்டிக்கொள்ளும். பின்பக்கம் முடிச்சு மேடு தட்டாது.

மேலே விழும் குறுக்கு எல்லாத் தையலிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும். எந்தத் திசை என்பது உங்கள் கைக்குத் தோது.

6. பாதியில் நிற்கும் வேலைகள்

கிராஸ் ஸ்டிச் செய்பவர் வீட்டில் பாதி முடிந்த துணி இல்லாமல் இருக்காது. சோம்பல் என்று திட்டுவார்கள். என் அனுபவத்தில், மூன்று மாதம் கழித்து எடுக்கும்போது எங்கே விட்டோம் என்று தெரியாததுதான் பாதிக் காரணம்.

அதனால் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஜிப் கவர். அதற்குள் துணி, சார்ட்டின் ஜெராக்ஸ், அட்டையில் சுற்றி எண் எழுதிய நூல், அப்புறம் ஒரு சின்னச் சீட்டு. சீட்டில் எழுத வேண்டியது: துணியின் கவுண்ட், எத்தனை இழை, மேல் குறுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, நூல் எந்த பிராண்ட், கடைசியாக எந்த நிறத்தில் நிறுத்தினீர்கள். நூல் அட்டையில் எண்ணைக் கண்டிப்பாக எழுதுங்கள். டிஎம்சி 310-ம் 3371-ம் இருக்கின்றனவே, ஒன்று கறுப்பு, மற்றது கறுப்பை ஒட்டிய காப்பிக்கொட்டை நிறம். ராத்திரி டியூப்லைட்டில் இரண்டும் ஒன்றுதான்.

தைத்த கட்டங்களை ஜெராக்ஸில் ஹைலைட்டரால் அடித்துக்கொண்டே வாருங்கள். சார்ட்டில் பத்துப் பத்து கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இருக்கும். எழுந்திருப்பதென்றால் அப்படி ஒரு பத்துக் கட்டத்துக்குள் ஒரு நிறத்தை முடித்துவிட்டு எழுந்திருங்கள். கையில் இரண்டு வேலைக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்: வீட்டில் பெரியது ஒன்று, பஸ்ஸுக்கும் டாக்டர் வீட்டு வரிசைக்கும் சின்னது ஒன்று.

எடுத்துவைக்கும்போது ஃப்ரேமைக் கழற்றுங்கள், ஊசியையும் துணியில் குத்தி விடாதீர்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் ஊசித் துரு சீக்கிரம் துணியில் இறங்கும். அது போகாது.

7. முடித்த பிறகு

குளிர்ந்த நீரில் கொஞ்சம் மென்மையான சோப்புத்தூள் போட்டு அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், டவலில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள். எங்காவது சாயம் கசிந்தால் காயவிடாமல், நீர் தெளியும்வரை குளிர்ந்த நீரிலேயே திரும்பத் திரும்ப அலசுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே தடிமனான டவல் விரித்து, தைத்த முகம் கீழே இருக்கும்படி போட்டு இஸ்திரி போடுங்கள். மேல்முகத்தில் போட்டால் தையல் நசுங்கித் தட்டையாகிவிடும்.